ஆக்டேவியா விஆர்எஸ் 230-க்குப் பெரிய டர்போ: வாங்குவதற்கு முன்பும் பொருத்திய பின்பும்

காரின் திறனைக் கூட்ட விரும்புபவர்களில் பெரும்பாலோர் முதலில் டர்போவை (எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவியை) வாங்கிவிட்டு, அதற்கேற்ற மற்றவற்றைப் பிறகு தேடத் தொடங்குகிறார்கள். இந்த வேலையில் டர்போதான் கடைசியாக வாங்க வேண்டிய பொருள். எரிபொருள் போதுமா, வெப்பம் எங்கே போகும், கியர்பாக்ஸ் தாங்குமா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிறகு எந்த டர்போ வேண்டும் என்பது ஏறத்தாழ தானாகவே முடிவாகிவிடும். பொதுப்படையாகப் பேசினால் இது புரியாது என்பதால், 2017-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ் 230 காரை எடுத்துக்கொள்கிறேன்.

அந்தக் காரில் இருப்பது ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் இஏ888 வகையின் மூன்றாம் தலைமுறை இன்ஜின். கொள்ளளவு 1984 கன சென்டிமீட்டர். நிறுவனம் கொடுத்த திறன் 230 குதிரைத்திறன். முறுக்குவிசை 350 நியூட்டன் மீட்டர். அதில் ஐஎச்ஐ நிறுவனத்தின் ஐஎஸ்20 டர்போ பொருத்தப்பட்டிருக்கிறது. ஏழாம் தலைமுறை கோல்ஃப் ஆர், ஆடி எஸ்3 ஆகிய கார்களில் வந்த ஐஎஸ்38 டர்போ, அதே இடத்தில் அதே போல்ட்டுகளில் உட்காரும். இந்த மாற்றம் உலகெங்கும் புகழ்பெற்றதற்கு அதுவே காரணம். ஐஎஸ்20-ஐ வைத்துக்கொண்டே நல்ல ரீமேப்பின் (இன்ஜினின் கணினியில் உள்ள மென்பொருளை மாற்றி எழுதுவதன்) மூலம் 280 முதல் 300 குதிரைத்திறன் வரை போகலாம். நல்ல பெட்ரோலும் மற்ற மாற்றங்களும் இருந்தால் ஐஎஸ்38 அதை 350-க்கு மேல் கொண்டுபோகும்.

1.8 லிட்டர் ஆக்டேவியா வைத்திருப்பவர்கள் இங்கேயே நின்றுவிடுவது நல்லது. அந்தக் காரின் ஏழு கியர் டிஎஸ்ஜி (இரட்டைக் கிளட்ச் தானியங்கி கியர்பாக்ஸ்), டிகியூ200 என்ற உலர் கிளட்ச் வகை. அது 250 நியூட்டன் மீட்டருக்காக வடிவமைக்கப்பட்டது; காரும் நிறுவனத்திலிருந்து வரும்போதே 250 தருகிறது. மிச்சம் என்று எதுவும் இல்லாத இடத்தில் பெரிய டர்போ வைப்பது, கிளட்சுக்கு நாள் குறிப்பதற்குச் சமம்.

காற்றின் கணக்கு

டர்போ திறனைத் தருவதில்லை, காற்றைத்தான் தருகிறது. எவ்வளவு காற்று உள்ளே போகிறதோ அதற்கேற்ற பெட்ரோலை எரிக்கலாம், அவ்வளவுதான். 1984 கன சென்டிமீட்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடும்போது, நான்கு வீச்சு இன்ஜின் என்பதால் 3000 முறை தன் கொள்ளளவை நிரப்பிக்கொள்கிறது. அதில் 95 சதவீதம் நிரம்புவதாக வைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு சுமார் 5.65 கன மீட்டர் காற்று. பூஸ்ட் (வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் டர்போ ஏற்றும் அழுத்தம்) 1.2 பார் என்றால், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டில் மொத்த அழுத்தம் 2.2 பார். அந்தக் காற்றின் வெப்பநிலை 50 டிகிரி செல்சியஸ் என்றால், ஒரு கன மீட்டருக்கு 2.37 கிலோ எடை. ஆக நிமிடத்துக்கு 13.4 கிலோ, அதாவது நொடிக்கு ஏறத்தாழ 223 கிராம். நொடிக்கான கிராமை 0.8-ஆல் வகுத்தால் கிராங்க்ஷாஃப்டில் கிடைக்கும் குதிரைத்திறன் தோராயமாக வரும் என்பது டியூனர்கள் நெடுநாளாகப் பயன்படுத்தும் கணக்கு. இங்கே சுமார் 280 வருகிறது. ஐஎஸ்20 கிட்டத்தட்ட மூச்சு வாங்கும் இடம் இது.

360 குதிரைத்திறன் வேண்டுமென்றால் நொடிக்கு 288 கிராம் காற்று வேண்டும். 6500 சுற்றில் 1.7 பார் பூஸ்ட் இருந்தால் அது கிடைத்துவிடும் என்று அதே கணக்கு சொல்கிறது. ஆனால் அந்த 1.7 பாரைச் சிறிய டர்போவிடம் கேட்டால், நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுகளைத் தாண்டி ஓடும் அதன் கம்ப்ரசர் சக்கரம் காற்றைத் தள்ளுவதைவிடச் சூடாக்குவதையே அதிகம் செய்யும். பூஸ்ட் மானியில் முள் ஏறுவதைப் பார்த்து மகிழ்வதில் பொருளில்லை என்பதற்கு இதுதான் காரணம். முள் காட்டுவது அழுத்தத்தை மட்டுமே. இன்ஜின் கேட்பதோ எடையை.

வெப்பத்தையும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். மே மாதத்துக் கோயம்புத்தூரில் காற்று 35 டிகிரியில் உள்ளே வருகிறது; அழுத்த விகிதம் (கம்ப்ரசரிலிருந்து வெளியேறும் அழுத்தத்துக்கும் நுழையும் அழுத்தத்துக்கும் உள்ள விகிதம்) 2.2. கம்ப்ரசரின் செயல்திறன் 72 சதவீதமாக இருந்தால் காற்று சுமார் 143 டிகிரியில் வெளியே வரும். அதே டர்போவை அதன் வசதியான எல்லைக்கு வெளியே தள்ளி, செயல்திறன் 60 சதவீதத்துக்கு இறங்கினால் 165 டிகிரி. பெரிய டர்போவின் உண்மையான பயன் இந்த 22 டிகிரியில் இருக்கிறது. டர்போவிலிருந்து வரும் காற்றை ஆறவைக்கும் இன்டர்கூலர் அதில் பெரும்பகுதியை எடுத்துவிடும் என்றாலும், மேனிஃபோல்டுக்குப் போகும் காற்று 50 டிகிரிக்குப் பதில் 70 டிகிரியாக இருந்தாலே சுமார் 6 சதவீதம் காற்று குறைகிறது. அதோடு நாக் (சிலிண்டருக்குள் கலவை கட்டுப்பாடின்றித் தானாக வெடிப்பது) ஆபத்தும் கூடுவதால் இசியு எனும் இன்ஜின் கணினி இக்னிஷன் டைமிங்கை (பொறி விழும் நேரத்தை) பின்னுக்குத் தள்ளும், இழப்பு இரட்டிப்பாகும்.

மலைப்பாதையில் ஓட்டுபவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. சென்னையில் வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ 1.01 பார், 2240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் சுமார் 0.77 பார். மேனிஃபோல்டில் அதே 2.2 பார் வேண்டுமென்றால் சென்னையில் அழுத்த விகிதம் 2.18, ஊட்டியிலோ 2.86. தரையில் நிதானமாக ஓடிய டர்போ மலையில் தன் வேக எல்லையைத் தொட்டுவிடக்கூடும். ஆகவே உயரத்துக்கேற்ப பூஸ்டைக் குறைக்கும் திருத்தத்தை நீக்கிய ரீமேப்பை எவர் கொடுத்தாலும் ஏற்காதீர்கள்.

தொடங்கும் முன் அளக்க வேண்டியவை

முதல் செலவு, காரின் இசியுவிலிருந்து தரவைப் பதிவு செய்யும் ஒரு நல்ல டயக்னாஸ்டிக் கேபிள். மாற்றம் எதுவும் செய்யாத நிலையில் டைனோவில் (உருளைகளின் மேல் காரை ஓட்டித் திறனை அளக்கும் கருவியில்) ஒருமுறை ஓட்டி, கேட்ட பூஸ்ட், கிடைத்த பூஸ்ட், இன்டேக் காற்றின் வெப்பநிலை, ஒவ்வொரு சிலிண்டருக்கும் நாக் காரணமாக டைமிங் எவ்வளவு பின்வாங்குகிறது, லாம்டா (காற்று-எரிபொருள் விகிதத்தின் அளவு), எரிபொருள் ரெயில் (இன்ஜெக்டர்களுக்கு எரிபொருளைக் கொடுக்கும் குழாய்) அழுத்தம் ஆகியவற்றைப் பதிவு செய்து வையுங்கள். பிறகு ஏதாவது கோளாறு வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க இந்தப் பதிவு ஒன்றுதான் துணை. கூடவே கம்ப்ரஷன் சோதனையும் செய்ய வேண்டும். நான்கு சிலிண்டர்களும் ஏறத்தாழ ஒன்றுபோல் இருக்க வேண்டும். இந்த இன்ஜினில் தெர்மோஸ்டாட்டும் வாட்டர் பம்பும் சேர்ந்த பிளாஸ்டிக் கூடு கசிவதற்குப் பேர்போனது. கூலன்ட் எப்படியும் இறக்கப்படும் என்பதால் அதை அப்போதே பார்த்துவிடலாம். இன்டேக் வால்வுகளின் பின்பக்கம் கரி படிந்திருந்தால் வால்நட் ஓட்டுத் தூளை அடித்துச் சுத்தம் செய்வதும் இந்தக் கட்டத்திலேயே முடியட்டும்.

அளந்த பிறகு பெரும்பாலோர்க்கு நான் சொல்வது, ஐஎஸ்20-ஐ வைத்தே ஒரு வருடம் ஓட்டுங்கள் என்பதுதான். பெரிய இன்டர்கூலர், ரீமேப், நல்ல பெட்ரோல் இவை மட்டுமே இருந்தாலும் கார் தன் அன்றாட இயல்பை இழக்காமல் வேறொரு காராகிவிடுகிறது. ஐஎஸ்38-இல் பூஸ்ட் சற்றுத் தாமதமாகத்தான் எழும். நகரத்துக்குள் மூன்றாவது கியரில் 2000 சுற்றில் மிதிப்பவருக்கு அது முன்னேற்றமாகத் தோன்றாது.

எரிபொருள்

ரீமேப் செய்பவரிடம் முதலில் சொல்ல வேண்டியது, நீங்கள் போடப்போகும் பெட்ரோல்களில் மிக மோசமானது எது என்பதை. 100 ஆக்டேன் (நாக்கைத் தாங்கும் திறனின் அளவு) பெட்ரோல் பெருநகரங்களில் தேர்ந்தெடுத்த பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கிறது. தேனிக்கோ ராமநாதபுரத்துக்கோ போகும் வழியில் அதை நம்பிப் புறப்பட முடியாது. ஆகவே 95 ஆக்டேனுக்கு ஒரு மேப், 100-க்கு இன்னொன்று என இரண்டு வைத்துக்கொள்வதே முறை. 95-க்கான மேப்பே அன்றாடம் இசியுவில் இருக்கட்டும்.

எத்தனால் கலப்பு, நாக்கைத் தடுப்பதில் உதவி செய்கிறது. ஆனால் அதிக அளவு எரிபொருளைக் கேட்கிறது. தூய பெட்ரோல் முழுமையாக எரிய 1 கிலோவுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏறத்தாழ 13.5 கிலோ போதும். அதாவது அதே காற்றுக்கு எடையில் சுமார் 9 சதவீதம் கூடுதல் எரிபொருள். நேரடி இன்ஜெக்‌ஷன் இன்ஜினில் இது சிறிய விஷயமல்ல. 6500 சுற்றில் ஒரு இன்டேக் வீச்சு நீடிப்பது வெறும் 4.6 மில்லி நொடி. அந்தச் சிறு இடைவெளிக்குள் போதிய பெட்ரோலைத் தள்ள முடியாதபோது ரெயில் அழுத்தம், கேட்ட அளவிலிருந்து சரியத் தொடங்கும். பதிவில் அந்தச் சரிவு தெரிந்தால் உயர் அழுத்த பம்பை மாற்ற வேண்டும், அல்லது திறனைக் குறைத்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது வழி இல்லை.

ஸ்பார்க் பிளக்கில் ஒரு படி குளிர்ந்த வகையைப் போட்டு, இடைவெளியை 0.6 முதல் 0.7 மில்லிமீட்டருக்குள் வைத்தால் அதிக பூஸ்டில் பொறி அணைந்துபோகாது.

இன்டர்கூலர், டவுன்பைப், கியர்பாக்ஸ்

இன்டர்கூலருக்குத்தான் தாராளமாகச் செலவழிக்க வேண்டும். நம் வெயிலில், போக்குவரத்தில் பத்து நிமிடம் நின்ற காரின் இன்டர்கூலர் ரேடியேட்டரின் சூட்டையும் சேர்த்து வாங்கிக்கொண்டிருக்கும். பெரிதாக இருந்தால் மட்டும் போதாது. அதன் வழியே காற்று எளிதாகப் போகவும் வேண்டும். ஆகவே உள்ளே போகும் அழுத்தத்துக்கும் வெளியே வரும் அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தயாரிப்பாளர் சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள்.

டவுன்பைப் (டர்போவிலிருந்து எக்ஸாஸ்ட் வாயுவை வெளியே கொண்டுபோகும் குழாய்) பெரிதானால் டர்பைனுக்குப் பின்னால் அழுத்தம் குறைந்து டர்போ விரைவாக எழும், எக்ஸாஸ்ட் வெப்பமும் குறையும். ஆனால் கேட்டலிடிக் கன்வர்ட்டரை அறவே நீக்கிவிடும் டவுன்பைப்பை நான் பரிந்துரைப்பதில்லை. அடர்த்தி குறைந்த, காற்று எளிதில் போகும் கன்வர்ட்டர் உள்ள டவுன்பைப்பில் இழக்கும் திறன் மிகச் சொற்பம். கன்வர்ட்டரே இல்லாத காரின் நாற்றமோ கேபினுக்குள்ளேயே வரும்.

விஆர்எஸ் 230-இல் உள்ள ஆறு கியர் டிஎஸ்ஜி, எண்ணெயில் இயங்கும் டிகியூ250. கோல்ஃப் ஆர் காரில் அதே கியர்பாக்ஸ் 380 நியூட்டன் மீட்டரைச் சுமந்தது. ஐஎஸ்38 அதைவிட அதிகமாகத் தரக்கூடியது என்பதால் கியர்பாக்ஸின் மென்பொருளிலும் கிளட்ச் அழுத்தத்தையும் முறுக்குவிசை எல்லையையும் மாற்றி எழுத வேண்டும். எண்ணெயும் ஃபில்டரும் புதிதாக இருக்க வேண்டும். இன்ஜினைப் பொறுத்தவரை, கனெக்டிங் ராடை (பிஸ்டனை கிராங்க்ஷாஃப்டோடு இணைக்கும் தண்டை) வளைப்பது உச்சத் திறனைவிடக் குறைந்த சுற்றில் வரும் அதிக முறுக்குவிசைதான். 3000 சுற்றுக்குக் கீழே முறுக்குவிசையை அடக்கி, மேலே போகப்போக விடும்படி டியூனரிடம் கேளுங்கள். டைனோ தாளில் அந்தக் கோடு அவ்வளவு கவர்ச்சியாகத் தெரியாது. இன்ஜினுக்கு அதுவே நல்லது.

சட்டமும் காப்பீடும்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019-இல் திருத்தி எழுதப்பட்ட 182ஏ பிரிவு, அனுமதியற்ற மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் எனச் சொல்கிறது. காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லாமல் செய்த மாற்றம், விபத்துக்குப் பின் இழப்பீடு கேட்கும்போதுதான் வெளியே வரும். இந்தக் கட்டுரையில் சொல்லும் முழு மாற்றமும் பந்தயத் தடத்துக்கான காரில் செய்யத் தக்கது. சாலையில் ஓடும் காரில் செய்ய நினைப்பவர், பொறுப்பு முழுக்கத் தன்னுடையது என்று தெரிந்தே செய்ய வேண்டும்.

டர்போவைத் தேர்ந்தெடுத்தல்

ஐஎஸ்38-இன் தொடக்கக்காலத் தயாரிப்புகள் டியூன் செய்த கார்களில் உடைந்தது இந்த வட்டாரத்தில் பலரும் அறிந்த கதை. ஆகவே பிந்திய பாக எண் கொண்டதை, முடிந்தால் புதிதாக, வாங்குங்கள். பழையதை வாங்குவதானால் ஷாஃப்டை விரலால் பிடித்து ஆட்டிப் பாருங்கள்: பக்கவாட்டில் மெல்லிய ஆட்டம் இருக்கலாம், ஆனால் முன்னும் பின்னுமாக நகரும் ஆட்டம் விரலுக்குத் தெரியவே கூடாது. இறக்கைகளின் நுனியில் சிறு பல் விழுந்திருந்தாலோ, அவை கூட்டின் உட்சுவரைத் தொட்ட கோடு தெரிந்தாலோ அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விலை பாதியாக இருக்கும் போலிகள் பார்வைக்கு அசலைப் போலவே இருக்கும். சமநிலை செய்யப்படாத சக்கரம் அந்த வேகத்தில் என்ன ஆகும் என்பதை விலைப்பட்டியல் சொல்லாது.

பொருத்துதல்

இந்த இன்ஜினில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே இருக்கிறது. டர்போ ஹெட்டின் பின்பக்கம், கேபினை நோக்கிய பக்கத்தில் நேரடியாகப் பொருத்தப்பட்டிருப்பதால் கை நுழைய இடம் குறைவு. இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகு பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, கூலன்ட்டை இறக்கி, முதலில் டவுன்பைப்பைக் கழற்ற வேண்டும். டர்போவை ஹெட்டோடு பிடித்திருக்கும் நட்டுகளில் முந்தைய நாள் மாலையே துரு நீக்கும் எண்ணெயை ஊற்றி வைத்தால் மறுநாள் ஸ்டட் முறியும் வாய்ப்பு குறையும். ஹெட்டுக்குள் ஸ்டட் முறிந்தால் ஒரு நாள் வேலை ஒரு வாரமாகிவிடும். ஆகவே இறுகியதை நெம்பாமல் முன்னும் பின்னுமாக அசைத்து எடுங்கள்.

பழைய டர்போ உடைந்ததால் மாற்றுகிறீர்கள் என்றால், இன்டர்கூலரையும் அதன் குழாய்களையும் கழற்றிப் பார்க்காமல் புதியதைப் பொருத்தக் கூடாது. உள்ளே தங்கிய ஒரு சிறு உலோகத் துண்டு நேராக இன்ஜினுக்குள்தான் போகும்.

கேஸ்கெட்டுகள், தாமிர வாஷர்கள், ஆயில் வரும் குழாய், ஆயில் திரும்பும் குழாயின் சீல் எல்லாம் புதிதாக இருக்க வேண்டும். ஆயில் இணைப்புகளில் சிலிகான் சீலன்ட் தடவவே கூடாது. எனக்குத் தெரிந்த ஒரு காரில், பட்டறைக்காரர் அக்கறையோடு தடவிய சீலன்ட் உள்பக்கமாகப் பிதுங்கி, ஆயில் துளையைப் பாதி அடைத்து, 400 கிலோமீட்டருக்குள் புது டர்போவின் பேரிங்கைத் தின்றுவிட்டது. ஆயில் திரும்பும் குழாய் எங்கும் மடங்காமல், கீழ்நோக்கியே இறங்க வேண்டும். அங்கே தங்கும் ஆயில் சீலைத் தாண்டி எக்ஸாஸ்டுக்குள் கசிந்து, நீலப் புகையாக வெளிவரும்.

மூன்றாம் தலைமுறை இன்ஜினில் வேஸ்ட்கேட்டை (டர்பைனுக்குப் போகும் வாயுவில் மிகுதியை விலக்கி பூஸ்டைக் கட்டுப்படுத்தும் கதவை) இயக்குவது மின் மோட்டார். புது டர்போவைப் பொருத்தியதும் அதன் தண்டின் நீளத்தை சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவுக்குச் சரிசெய்து, டயக்னாஸ்டிக் கருவியால் இசியுவுக்கு அதன் இரு முனைகளையும் கற்பிக்க வேண்டும். இதைத் தவிர்த்துவிட்டு, பூஸ்ட் வரவில்லை என்று டர்போவின் மீது பழி போடுபவர்கள் அதிகம்.

எல்லாம் பூட்டியபின் இன்டேக் வழியை அடைத்து, காற்றையோ புகையையோ செலுத்திக் கசிவு பாருங்கள். கிளாம்ப் சரியாக உட்காராத ஒரு ஹோஸ், டர்போவை வீணாக வேகமாகச் சுற்றவைக்கும்.

முதல் முறை ஓட்டுதல்

இன்ஜினில் புதிய ஆயிலும் ஃபில்டரும் போட்டு, டர்போவின் ஆயில் நுழையும் துளையில் சிறிது சுத்தமான ஆயிலை ஊற்றி, சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டுக் குழாயை இணையுங்கள். எரிபொருள் வராதபடி செய்து ஸ்டார்ட்டரைச் சில நொடிகள் வீதம் சுழற்றினால் ஆயில் பேரிங் வரை போய்ச் சேரும். பிறகு ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் 10 முதல் 15 நிமிடம் ஐடிலில் விட்டு, டார்ச் வெளிச்சத்தில் எல்லா இணைப்புகளையும் பாருங்கள். கூலன்டில் தங்கிய காற்றையும் முழுவதும் வெளியேற்ற வேண்டும்.

ஐஎஸ்20-க்கு எழுதிய மேப்போடு ஐஎஸ்38-ஐ முழு மிதியில் ஓட்டக் கூடாது. டியூனரிடம் போய்ச் சேரும்வரை பூஸ்ட் எழாத அளவுக்கு மென்மையாக ஓட்டுங்கள், முடிந்தால் இழுத்துச் செல்லுங்கள்.

டியூனிங் டைனோவில் நடக்க வேண்டும். நெடுஞ்சாலையில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு மூன்றாவது கியரில் 6500 சுற்று வரை மிதிப்பது, சட்டம் இருக்கட்டும், பதிவின் தரத்துக்கே கேடு. பூஸ்டை ஒரே தாவலில் ஏற்றாமல், 1.2 பாரில் தொடங்கி 0.1 பார் வீதம் ஏற்றி, ஒவ்வொரு படியிலும் பதிவைப் படிக்க வேண்டும். முழு மிதியில் லாம்டா 0.80 முதல் 0.88 வரை இருப்பது வழக்கம். நாக் காரணமாக எப்போதாவது ஒரு சிலிண்டரில் 2 அல்லது 3 டிகிரி டைமிங் பின்வாங்குவது இயல்பு. ஒவ்வொரு ஓட்டத்திலும் அதே சுற்றில் 4 டிகிரிக்கு மேல் வந்தால் அந்த இடத்தில் டைமிங்கையோ பூஸ்டையோ குறைத்தே ஆக வேண்டும். ஒரே சிலிண்டர் மட்டும் தொடர்ந்து பின்வாங்கினால் மேப்பைத் தொடும் முன் அந்தச் சிலிண்டரின் பிளக்கையும் காயிலையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். எக்ஸாஸ்ட் வெப்பம் 950 டிகிரிக்குள் இருக்கட்டும். ஒரே ஓட்டத்தை இடைவிடாமல் மூன்று முறை செய்து, மூன்றாவதில் இன்டேக் வெப்பநிலை எங்கே போகிறது என்று பாருங்கள். இன்டர்கூலரின் தரம் அப்போதுதான் தெரியும்.

டைனோவில் சரியாக இருந்த கார் தடத்திலும் அப்படியே இருக்கும் என்று கொள்ள முடியாது. கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தின் கரி மோட்டார் ஸ்பீட்வே, சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைத் தடம் இவற்றில் பயிற்சிக்கெனத் திறந்துவிடும் நாட்களில் ஐந்து சுற்று ஓட்டிப் பதிவெடுத்தால், ஆயில் வெப்பநிலையும் பிரேக்கும் தத்தம் குறையைச் சொல்லிவிடும். முன் சக்கரங்கள் மட்டுமே இழுக்கும் காரில் இவ்வளவு திறன் வந்தபின் பழைய டயரோடு ஓட்டுவது வீண். ஈரத் தரையில் இரண்டாவது கியரிலேயே சக்கரம் சுழலும்.

ஆயிலைப் பொறுத்தவரை, இத்தகைய இன்ஜின்களில் குறைந்த சுற்றில் அதிகச் சுமை விழும்போது பொறி வருமுன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் சிக்கல் உண்டு. அதைக் கருத்தில் கொண்டு 2020-இல் வந்த ஏபிஐ எஸ்பி தரத்தையும் ஃபோக்ஸ்வாகனின் தர எண்ணையும் ஒருங்கே பூர்த்தி செய்யும் ஆயிலைத் தேடுங்கள். நிறுவனம் சொல்லும் 15,000 கிலோமீட்டர் இடைவெளியை மறந்துவிட்டு 5000-க்கு ஒருமுறை மாற்றுங்கள். முதல் மாற்றம் மட்டும் 1000 கிலோமீட்டரிலேயே நடக்க வேண்டும். அப்போது கழற்றிய ஃபில்டரை வெட்டி, மடிப்புகளை விரித்து, வெயிலில் பிடித்துப் பாருங்கள். மின்னும் துகள் தெரிந்தால் வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு டர்போவின் ஷாஃப்டை மறுபடி ஆட்டிப் பார்க்க வேண்டும். துகள் இல்லையென்றால் இன்டர்கூலர் குழாய்களின் கிளாம்ப்புகளை ஒரு சுற்று இறுக்கிவிட்டு, டர்போவுக்கும் ஹெட்டுக்கும் இடையில் கரும்புகை கசிந்த தடம் இருக்கிறதா என்று பார்த்து மூடியைப் போடலாம்.